அக்கா உடைக்காத தட்டு

என் மங்கையக்காவுக்கு,

பார்டன் முந்தநாள் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டுப் போனார். ஓம், அதே பார்டன்தான். உங்களை வேலையால் நிற்பாட்டின மனிசன். நான்தான் கதவைத் திறந்தேன். முதலில் சப்பாத்தைக் கழற்றச் சொன்னேன். பிறகுதான் உள்ளே விட்டேன்.

அவர் ஏன் வந்தார் என்று சொல்ல முதல், நடந்தது முழுவதையும் எழுதவேணும். நீங்கள் போய் ஒரு வருசமாகப் போகிறது. இன்னமும் எங்கட சனம் உங்களைப் பற்றி ஒரே கதையைத்தான் சொல்லுகினம். "நல்ல மனிசி, ஆனால் சரியான பிடிவாதக்காரி. ஒரு கையெழுத்தை வைச்சிருந்தால் தாய் ஏழு மாசம் முந்தியே வந்து சேர்ந்திருப்பா." கோயிலிலும் சொல்லுகினம், பிறந்தநாள் வீடுகளிலும் சொல்லுகினம். என்ன கையெழுத்து, ஏன் வைக்கவில்லை என்று அவைக்குத் தெரியாது. இது அவையும் வாசிக்கத்தான். உங்களுக்குத் தெரிந்ததையே உங்களுக்குச் சொல்லுகிறேன் என்று சிரிக்காதேங்கோ.

கொழும்பில் நூதனசாலையில் பத்து வருசம் உடைந்த பீங்கானை ஒட்டிய கை உங்களுடையது. ஒல்லாந்தர் இருந்த இடங்களைக் கிண்டும்போது வருகிற சீனப் பீங்கான் துண்டுகளை மணல் தட்டில் குத்தி நிறுத்தி, ஒன்றோடொன்று பொருத்தி, ஒரு கிண்ணத்துக்கு நாலு மாதம் எடுப்பீர்களாம். எண்பத்துமூன்று கலவரத்தில் கொழும்பு எரிந்த கையோடு அந்த வேலை போனது. நியூசிலாந்தில் ஒக்லண்டுக்கு வந்து அந்தப் பத்து வருசத்தைப் பற்றி நீங்கள் சொன்னபோது, வேலைவாய்ப்புக் கந்தோரில் இருந்த பெண் "அருமையான பொழுதுபோக்கு" என்றாள். கடைசியில் நகரத்தில் ஓர் ஏலக் கம்பனியில், வருகிற சாமானைக் கழுவித் துடைத்துப் பொதி கட்டுகிற வேலை கிடைத்தது. மங்கையர்க்கரசி என்ற பெயர் அவர்களுக்கு வாயில் நுழையவில்லை. மேகி என்று வைத்தார்கள். நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. வேலை வேணும்.

நீங்கள் அங்கே சேர்ந்து நாலு வருசம் ஆகியிருந்தது; யாழ்ப்பாணச் சனம் முழுக்கச் சண்டையில் இடம்பெயர்ந்ததற்கு அடுத்த வருசம். அம்மா வன்னிக்குப் போய், வவுனியா முகாமில் கிடந்து, ஒருமாதிரிக் கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருந்தா. எட்டுப் பேருக்கு ஒரு அறை. பொலிஸ் வந்து கதவைத் தட்டினால் கடதாசியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கவேணும். அம்மாவை இங்கே கூப்பிட எங்களில் ஒருவருக்கு நிரந்தர வேலை இருப்பதாகக் கடிதம் வேணும் என்று இமிக்கிரேஷனில் சொன்னார்கள். எனக்கு மங்கரேயில் விமானச் சாப்பாடு கட்டுகிற குசினியில் கிழமைக்கு மூன்று நாள்தான். நிரந்தர வேலை உங்களுக்கு மட்டும்தான் இருந்தது.

அந்த நேரத்தில்தான் மிஸிஸ் லோரியின் பீங்கான் வந்தது.

நீங்கள் வேலையால் வந்து, கோட்டைக் கூடக் கழற்றாமல் அதைப் பற்றிக் கதைத்த பின்னேரம் எனக்கு நல்ல ஞாபகம். ஆல்பனிக்கு அங்கால் பண்ணை வைத்திருக்கிற ஒரு விதவை மனிசி, கணவன் வழியில் வந்த நீல வெள்ளைச் சாப்பாட்டுப் பீங்கான் முழுவதையும் விற்கக் கொடுத்திருக்கிறா என்றீர்கள். ஏறக்குறைய இருநூற்றைம்பது வருசப் பழசு. சீனாவில் செய்து ஐரோப்பாவுக்குப் போனது.

"ஸ்கொட்லாந்தில இருந்து ஓடர் போயிருக்குதடி. தங்கட குடும்பச் சின்னத்தைக் கடதாசியில கீறி அனுப்பியிருக்கினம். கப்பல் போய், அங்க அதைப் பார்த்துக் கீறிச் சுட்டு, திரும்பி வர ரெண்டு மூண்டு வருசம். தேயிலைப் பெட்டிக்குக் கீழ பீங்கானைத்தான் அடுக்குவினம். தண்ணி பட்டாலும் அதுக்கு ஒண்டும் ஆகாது."

பெரிய தட்டின் நடுவில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணும் வேட்டை நாயும் இருப்பதாகச் சொன்னீர்கள். கீறினவன் வெள்ளைக்காரியைக் கண்டதே இல்லை. ஆகையால் அவளுக்குத் தன் ஊர்க் கண்ணை வைத்துவிட்டான். நாயையும் அந்தச் சாதியில் அவன் கண்டதில்லை. சிங்கத்தின் தலையை வைத்து, நாயின் வாலை ஆட்டவிட்டிருக்கிறான். சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். பிறகு சிரிப்பு நின்றது. "ஓடர் குடுத்தவன்ர பேர் எல்லாத் தட்டிலயும் இருக்கு. கீறினவன்ர பேர் ஒண்டிலயும் இல்லை," என்றீர்கள். நான் அடுப்பில் கறியைப் பார்த்துக்கொண்டு ஓமோம் என்றேன். வடிவாகக் கேட்கவில்லை, அக்கா. அதை இப்போது ஒப்புக்கொள்ளுகிறேன்.

இரண்டு கிழமை கழித்து அந்தத் தட்டு உங்கள் கையில் பிரிந்தது.

நீங்கள் எப்படிக் கழுவுவீர்கள் என்று எனக்குத் தெரியும். காப்பையும் மோதிரத்தையும் கழற்றி வைப்பீர்கள். பிளாஸ்டிக் பேசினுக்குள் துவாயை விரிப்பீர்கள். ஒரு நேரத்தில் ஒன்று. அன்றைக்கும் அப்படித்தான். இளஞ்சூட்டுத் தண்ணீருக்குள் வைத்துப் பஞ்சால் ஒற்றிக்கொண்டிருக்க, உள்ளங்கை அளவு துண்டு ஒன்று சத்தமே இல்லாமல் கழன்று துவாயில் விழுந்தது. ஒரு "டிக்" கூடக் கேட்கவில்லை என்றீர்கள். பாலில் ஊறின பாண் துண்டு மாதிரி விட்டுக்கொடுத்ததாம்.

நீங்கள் உடனே ஓரத்தைப் பார்த்தீர்கள். இன்றைக்கு உடைந்த பீங்கான் என்றால் உடைந்த ஓரம் வெள்ளை வெளேரென்று இருக்கும். இது தேத்தண்ணிக் கறை மாதிரி மண்ணிறம். பழைய பசை திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தது. யாரோ எப்போதோ உடைத்து, ஒட்டி, ஒட்டு தெரியாமல் மேலால் நிறம் பூசியிருக்கிறார்கள். சூட்டுக்குப் பசை இளகிவிட்டது. அவ்வளவுதான்.

நேரே பார்டனிடம் கொண்டுபோய்க் காட்டினீர்கள். அவர்தான் அங்கே பீங்கான் பகுதிக்குப் பெரியவர். விற்பனைப் புத்தகத்தில் "பழுதேதும் இல்லை" என்று எழுதியதும் அவர்தான். அந்தப் புத்தகம் அச்சடித்து ஊர் முழுக்கப் போய்விட்டது. அவர் துண்டைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார். அடுத்த நாள் ஒரு கடதாசி தந்தார். கழுவும்போது உங்கள் கவனக்குறைவால் உடைந்தது என்று நீங்கள் ஒப்புக்கொள்ளுகிற கடதாசி. கையெழுத்து வைத்தால் நட்டத்தைக் காப்புறுதிக்காரர் கட்டுவார்கள், உங்களுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் மட்டும், வேலைக்கு ஒன்றும் வராது என்றார். வெள்ளிக்கிழமைக்குள் வேணும் என்றார்.

இப்போது எழுதப்போவதை எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனால் எழுதாமல் விட்டால் இந்தக் கடிதம் பொய்.

நான் உங்களைக் கையெழுத்து வைக்கச் சொன்னேன்.

ஒரு தரம் இல்லை. மூன்று நாளாகச் சொன்னேன். இமிக்கிரேஷன் படிவம் மேசையில் பாதி நிரப்பினபடி கிடந்தது. "அக்கா, ஒரு கையெழுத்துத்தானே. ஆருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்," என்றீர்கள்.

"அம்மா லொட்ஜில கிடக்கிறா."

"அது எனக்குத் தெரியாதே?"

"தெரிஞ்சுகொண்டுதான் இப்பிடிச் செய்யிறியளோ? ஒரு வெள்ளைக்காரன்ர சூப்புக் கோப்பைக்காக?"

"கோப்பைக்காக இல்லையடி. நான் உடைக்கேல்லை. இண்டைக்கு நான் உடைச்சன் எண்டு எழுதிக் குடுத்தால், நாளைக்கு அங்க எது உடைஞ்சாலும் மேகிதான். எனக்குப் பிறகு அந்தக் கழுவுற தொட்டியடிக்கு வாறவளையும் அப்பிடித்தான் பார்ப்பினம்."

அதற்கு நான் என்ன சொன்னேன் என்று உங்களுக்கு மறந்திருக்காது. "உங்கட ரோசத்துக்கு அம்மா சாகவேணுமோ?" என்று கேட்டேன்.  வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தீர்கள். வெட்டி முடித்து, பலகையைக் கழுவி வைத்து, அறைக்குள் போனீர்கள். அதன்பிறகு வெள்ளிக்கிழமை வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் கதைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலமை "நீயும் வா, ஒராளைக் கூட்டிக்கொண்டு வரலாமாம்," என்றீர்கள். நான் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்தேன். உங்களுக்குத் துணையாக வந்தேன் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். இல்லை. கடைசி நேரத்திலாவது மனம் மாறிப் பேனையை எடுப்பீர்கள் என்றுதான் வந்தேன்.

கம்பனியின் பின்பக்கச் சாமான் அறையில் நீட்டு மேசை. அதில் அந்தத் தட்டும் உடைந்த துண்டும். பக்கத்தில் சூப் பரிமாறுகிற பெரிய பாத்திரமும் அதன் மூடியும். பார்டன் மூக்குக் கண்ணாடியை இறக்கி, மெல்லிய குரலில் பேசினார்.

"மேகி, உங்களை யாரும் குற்றம் சொல்லவில்லை. எல்லாருக்கும் நடப்பதுதான். இதில் கையெழுத்துப் போடுங்கள். தேநீர் குடிப்போம்."

"மிஸ்டர் பார்டன், ஓரத்தைப் பார்த்தீர்களா?"

"அழுக்கு."

"பசை. பழைய பசை. சொந்தக்காரியைக் கேளுங்கள். அவவுக்குத் தெரிந்திருக்கும்."

"வாடிக்கையாளரைத் தொந்தரவு செய்ய முடியாது. நான் முப்பது வருடமாக இந்தப் பொருட்களைப் பார்க்கிறேன். ஒட்டுப் போட்டிருந்தால் என் கண்ணுக்குத் தெரிந்திருக்கும்."

அப்போது நீங்கள் கைப்பையைத் திறந்தீர்கள். பேனை எடுக்கப்போகிறீர்கள் என்று நினைத்தேன். சத்தியமாக, என் நெஞ்சு குளிர்ந்தது. ஆனால் வெளியில் வந்தது நெயில் பொலிஷ் அழிக்கிற போத்தலும் ஒரு உருண்டை பஞ்சும். நகத்துக்கு நிறம் பூசி உங்களை நான் என் சீவியத்தில் கண்டதில்லை. முதல் நாள் கிளென்ஃபீல்ட் மோலில் வாங்கியிருக்கிறீர்கள்.

"சீனாக்காரன் வைத்த நீலம் கண்ணாடிப் பூச்சுக்குக் கீழே இருக்கிறது. எதைப் போட்டுத் தேய்த்தாலும் வராது," என்று சொல்லிக்கொண்டே தட்டில் இருந்த நாயின் முதுகைத் தேய்த்தீர்கள். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. "ஒட்டை மறைக்கப் பிறகு பூசினது வந்துவிடும். இதைப் பாருங்கள்," என்று சூப் பாத்திரத்து மூடியைத் தொட்டீர்கள். பார்டன் எழும்பி "தொடாதீர்கள்!" என்று கத்தினார். அதற்குள் வேலை முடிந்துவிட்டது. மூடியில் இருந்த பூ ஒன்று, இதழும் தண்டுமாக, பஞ்சோடு வந்துவிட்டது. அந்த இடத்தில் மண்ணிறக் கோடு ஒன்று விளிம்பு வரைக்கும் ஓடியது.

நீலமான அந்தப் பஞ்சை அவருக்கு முன்னால், கையெழுத்துக் கேட்ட கடதாசியின் மேல் வைத்தீர்கள். "இதையும் நான்தான் உடைத்தேனா?" என்று கேட்டீர்கள்.

அவருடைய முகம் சிவந்து வெளுத்தது. ஒரு நிமிசம் அவர் நீங்கள் சொன்னது சரி என்று சொல்லிவிடுவார் போலத்தான் இருந்தது. சொல்லவில்லை. விற்பனைப் பொருளுக்கு வேண்டுமென்றே சேதம் செய்தீர்கள், உடனே வெளியேறுங்கள் என்றார்.

நீங்கள் ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்தீர்கள். நான் பின்கதவுப் பக்கம் திரும்ப, கையைப் பிடித்து இழுத்தீர்கள். "அந்தப் பக்கம் இல்லை. முன்வாசலால போவம்." நாலு வருசம் அந்தக் கட்டடத்தில் வேலை செய்து, முன்வாசலால் ஒரு நாளும் போனதில்லை நீங்கள். கம்பளம் விரித்த அந்த மண்டபத்துக்குள்ளால், தங்கச் சட்டம் போட்ட படங்களுக்கு நடுவால், சீலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தபடி நடந்தீர்கள். நான் பின்னால் அழுதுகொண்டு வந்தேன். பெருமையில் இல்லை, அக்கா. கோபத்தில். துறைமுகப் பாலத்தில் எங்கள் பஸ் ஏறும் வரைக்கும் உங்கள் முகத்தை நான் பார்க்கவில்லை. நீங்கள் "பசிக்குது, இறங்கினதும் மீனும் சிப்ஸும் வாங்குவம்," என்றீர்கள். எப்படி உங்களுக்குப் பசித்தது?

நிரந்தர வேலைக் கடிதம் இல்லாமல் போனது. அம்மாவின் படிவம் நின்றது. அம்மா தொடர்பு நிலையத்தில் இருந்து ரெலிபோன் எடுத்து "என்ன பிள்ளை, எப்ப?" என்று கேட்க, நீங்கள் "வேலையை விட்டிட்டன் அம்மா, கொஞ்சம் பொறுங்கோ," என்றீர்கள். நிற்பாட்டினார்கள் என்று சொல்லவில்லை. நான் கையெழுத்து வைக்கச் சொன்னதைச் சொல்லவே இல்லை. நீங்கள் ஆல்பனியில் கந்தோர்கள் கூட்டித் துடைக்கப் போனீர்கள். நான் குசினியில் முழுநேரம் கேட்டு அலைந்தேன். அது கிடைத்து, என்னுடைய பெயரில் திரும்ப எல்லாம் போட்டு, ஏழு மாதம் போனது.

ஆனால் நீங்கள் சும்மா இருக்கவில்லையே. பீங்கான் வந்த பெட்டியில் ஒட்டியிருந்த விலாசத்தை மனதில் வைத்திருந்தீர்கள். மிஸிஸ் லோரிக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினீர்கள். என்னைக் கொண்டு இங்கிலிஷ் திருத்தவில்லை. எனக்குக் காட்டவும் இல்லை. பத்து நாளில் சேறு படிந்த ஒரு கார் எங்கள் வாசலில் நின்றது. உயரமான ஒரு மனிசி, கையில் பிஸ்கட் டின்.

"அந்தத் தட்டை உடைத்தது என் மாமியார்," என்றா, கதிரையில் இருக்க முதலே. "நான் கலியாணம் செய்து போக முன்னமே நடந்தது. இங்கிலாந்துக்கு அனுப்பி ஒட்டுவித்தார்கள். மூடியையும்தான். வீட்டில் எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்லக்கூடாது. பார்டனிடம் நான் சொன்னேன், சில சாமான் ஒட்டினது என்று. 'நான் நன்றாகப் பார்த்தேன், அப்படி ஒன்றும் இல்லை' என்று அவர் சிரித்தார். நான் என் ஞாபகத்தைத்தான் சந்தேகித்தேன்."

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். "நான் சொன்னன்தானே" என்ற பார்வை இல்லை அது. அப்படிப் பார்த்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அவ ஏலத்தில் இருந்து எல்லாவற்றையும் திருப்பி எடுத்துவிட்டா. தட்டையும் மூடியையும் ஒட்டித் தரமுடியுமா என்று கேட்டா. நீங்கள் இரண்டு நிபந்தனை வைத்தீர்கள். கந்தோர் கூட்டுகிற மனிசி, பண்ணைக்காரிக்கு நிபந்தனை! "ஒட்டை மறைத்து நிறம் பூசமாட்டேன். உடைந்த கோடு தெரியும். இரண்டாவது, அடியில் என் பெயரை எழுதுவேன்."

மிஸிஸ் லோரி பிஸ்கட் டின்னை மேசையில் வைத்தா. "எங்கள் குடும்பம் இதுவரை மறைத்தது போதும்," என்றா.

எட்டுக் கிழமை. குசினி மேசையில் பாதி உங்களுக்கு, பாதியில் நான் சமையல். பழைய பசையை ஊறவைத்து எடுத்து, ஓரத்துக் கறையைப் பஞ்சு ஒத்தடத்தால் போக்கி, துண்டைப் பொருத்தி, அரிசி நிரப்பின தட்டத்தில் அதை நிறுத்தி வைத்தீர்கள். பக்கத்தில் போய் நான் தும்மினாலே ஏச்சு. முடித்தபோது நாயின் கழுத்துக்குக் கிட்டவால் மெல்லிய கோடு ஒன்று போனது. மறைக்க ஒன்றும் செய்யவில்லை. தட்டைக் கவிழ்த்து, அடி வளையத்துக்குள் சின்னத் தூரிகையால் எழுதினீர்கள்: "ஒட்டியது மங்கையர்க்கரசி, கிளென்ஃபீல்ட்." தமிழில்தான். மிஸிஸ் லோரி விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தடவிப் பார்த்தா.

அம்மா வந்திறங்கிய நாளில் நீங்கள் விமான நிலையத்தில் கையில் கம்பளிச் சட்டையோடு நின்றீர்கள். நான் அம்மாவைக் கட்டிப்பிடித்து அழ, நீங்கள் சட்டையின் பொத்தானைப் பூட்டிவிட்டுக்கொண்டிருந்தீர்கள். அம்மாவோடு உங்களுக்கு இருந்தது ஒரே ஒரு வருசம். அடுத்த குளிருக்கு, ஆல்பனியில் வேலை முடித்து பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் விழுந்தீர்கள். மூளையில் இரத்தம் என்றார்கள். பதினொரு நாள் ஆஸ்பத்திரி. நீங்கள் கண் திறக்கவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். உங்களுக்குக் கேட்டதோ?

இனி முந்தநாள் கதை.

அடுத்த மாதம் டெவன்போர்ட்டில் ஒரு மண்டபத்தில் பழைய பீங்கான் கண்காட்சி. மிஸிஸ் லோரி தன் பீங்கானை வைக்கச் சம்மதித்திருக்கிறா. விளக்கப் புத்தகம் எழுதுவது பார்டன். தட்டுக்குக் கீழே அவர் எழுதியது, "பின்னாளில் பழுதுபார்க்கப்பட்டது" என்ற ஒரு வசனம். மிஸிஸ் லோரி அதைப் பார்த்துவிட்டு, மங்கையின் தங்கச்சி சரி என்று சொல்லாத ஒரு வரியும் அச்சுக்குப் போகாது, போனால் பீங்கான் வராது என்று சொல்லிவிட்டா. பார்டன் ரெலிபோன் எடுத்து, ஒருக்கால் நகரத்துக்கு வரமுடியுமா என்று கேட்டார். முடியாது, வேணுமென்றால் நீங்கள் வாருங்கள் என்றேன்.

வந்தார். காலுறையோடு எங்கள் குசினியில் இருந்தார். மெலிந்துவிட்டார், அக்கா. அதற்காக நான் இரங்கவில்லை. யாரென்று தெரியாமல் அம்மா அவருக்குத் தேத்தண்ணியும் வடையும் கொண்டுவந்து வைத்தா.

அவர் புதுத் தாளை நீட்டினார். "எங்கள் முன்னாள் ஊழியர் ஒருவருக்கு நன்றியுடன்" என்று இருந்தது.

"அந்த ஒருவருக்குப் பெயர் இல்லையா?" என்றேன்.

"இடம் கொஞ்சம்தான் இருக்கிறது."

"மூன்று மீன் போட்ட குடும்பச் சின்னத்தைப் பற்றி அரைப் பக்கம் எழுத இடம் இருந்திருக்கிறதே."

 நான் பேனையை எடுத்து, அந்த வரியை வெட்டி, என் இங்கிலிஷில் எழுதினேன். இந்தத் தட்டிலும் மூடியிலும் இருந்த பழைய ஒட்டுகளை முதலில் கண்டவர் மங்கையர்க்கரசி. அவர் சொன்னதை ஏலக் கம்பனி ஏற்கவில்லை. அவர் சொன்னதே சரி. இப்போது உள்ள ஒட்டு அவர் கைவேலை. நாலு வசனம். வாசித்துவிட்டு இரண்டாவது வசனத்தில் அவருடைய விரல் நின்றது. "இது அவசியமா?" என்றார். "அது இல்லாவிட்டால் மற்ற மூன்றும் வேண்டாம்," என்றேன்.

தாளை மேசையில் வைத்தார். பிறகு, "நான் ஓரத்தைப் பார்த்தேன்," என்றார். "அன்றைக்கே பார்த்தேன். அழுக்கு இல்லை என்று எனக்குத் தெரியும்."

நான் நினைத்திருந்தது, அவருக்குத் தெரியவில்லை என்று. மூன்று வருசமாக அப்படித்தான் நினைத்திருந்தேன். தெரிந்திருக்கிறது, அக்கா. தெரிந்துதான் பேனையை நீட்டியிருக்கிறார்.

கத்தவேணும் போல இருந்தது. கத்தவில்லை. "பெயரை வாசியுங்கள். திறப்பு விழாவில் நீங்கள்தானே பேசுவீர்கள்," என்றேன். அவர் தடக்கித் தடக்கி வாசித்தார். வடைத் தட்டத்தை எடுக்க வந்த அம்மாவுக்கு உங்கள் பெயர் மட்டும் விளங்கிவிட்டது. "மங்கையர்க்... கரசி," என்று பிரித்துச் சொல்லிக் கொடுத்தா. ஆறு தரம் சொன்னார். ஆறாவது சரியாக வந்தது.

நாலு வசனமும் அப்படியே அச்சுக்குப் போகும் என்று சொல்லிவிட்டு அவர் போன பிறகு அம்மா கேட்டா. "ஆரடி உந்த வெள்ளைக்காரன்?"

சொன்னேன். நிற்பாட்டியவர் இவர்தான், கையெழுத்துக் கேட்டவர் இவர்தான், பொய்க் கடதாசிக்கு அக்கா கையெழுத்து வைக்கவில்லை என்று சொன்னேன். சனத்தின் கையெழுத்துக் கதை அம்மாவின் காதிலும் விழுந்திருக்கிறது, ஆனால் அது பொய்க் கடதாசி என்பது அவவுக்குப் புதுக்கதை. நீங்கள் வீம்புக்கு வேலையை விட்டதாகத்தான் இவ்வளவு நாளும் நினைத்திருக்கிறா. வடைத் தட்டத்தை மேசையில் வைத்துவிட்டுக் கிட்ட வந்தா. பிறகு என் கையைப் பிடித்தா.

"என்ர பிள்ளை தனிச்சு நிண்டிருக்கிறாள். நீயாவது அவளுக்குத் துணையா நிண்டியே, அது போதுமடி."

நான் வாயைத் திறக்கவில்லை, அக்கா. பார்டனின் பொய்யை வெட்டி எழுதிய அதே பேனை மேசையில் கிடக்க, அம்மாவுக்கு முன்னால் அந்தப் புகழை வாங்கி வைத்துக்கொண்டேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஆண்டுத் திவசம். எல்லாரும் வருவினம், அந்தக் கையெழுத்துக் கதை சொல்லுகிறவையும் வருவினம். சாப்பாட்டுக்கு இலை போடமுதல் அம்மாவைக் கதிரையில் இருத்தி, அவைக்கு முன்னாலேயே சொல்லுவேன். "அக்காவைக் கையெழுத்து வைக்கச் சொன்னது நான். அவ வைக்காதது சரி. நான் சொன்னது பிழை." அம்மா என்னோடு எவ்வளவு நாளைக்குக் கதைக்காமல் இருந்தாலும் சரி. சனம் இனி என்னைப் பற்றிக் கதைக்கட்டும். அதற்கு நான் தயார்.

உங்களுக்குப் பிறகு பிறந்து, உங்களுக்குப் பிந்தி நிமிர்ந்த
தங்கச்சி,
இந்திரா